"சரி, தப்பு எல்லாம் அவரவர் மனசைப் பொறுத்ததுதானே?"

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 28 வயது. மூன்று மாதம் உட்கார்ந்து நான் தயாரித்த ஓர் அறிக்கையை, கூட வேலை பார்க்கும் நண்பன் தன் பெயரில் மேலாளரிடம் கொடுத்துவிட்டான். கல்லூரியிலிருந்து பழக்கம். ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழும் என் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவது என் வழக்கம். மொத்தம் 22 அட்டவணைகள். அந்த எழுத்துகளை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே கொடுத்திருக்கிறான். கேட்டால், "இதில் என்ன தப்பு? சரி, தப்பு எல்லாம் அவரவர் மனசைப் பொறுத்தது. கல்லூரியில் நீயே அப்படித்தானே வாதாடுவாய்?" என்று சிரிக்கிறான். வாதாடியது உண்மைதான். யாரையும் குறை சொல்லக் கூடாது என்ற எண்ணத்தில் பேசியது அது. இப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. பழைய வரைவுகள் தேதியோடு என்னிடம் இருக்கின்றன; ஆனால் அவற்றை எடுத்து நீட்ட எனக்கு உரிமை இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. அறம் எல்லோருக்கும் பொதுவான உண்மையா, அவரவர் பார்வையா? பார்வைதான் என்றால், நான் கோபப்படுவதற்கே நியாயம் இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தாராளமாகக் கோபப்படுங்கள். அறத்தின் அடிப்படை என்ன என்று தத்துவக்காரர்கள் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தால், உலகத்தில் யாரும் யார் மேலும் கோபப்பட முடியாது. 2,400 வருடமாக நடக்கும் வழக்கு அது. எண்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா, மனிதன் கட்டிக்கொண்டவையா என்பதிலும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதற்காகக் கடன் வாங்கியவர், "ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது உன் பார்வை" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட முடியுமா?

முப்பது வருடத்துக்கு மேல் தத்துவ வகுப்பு எடுத்தவன் நான். உங்கள் நண்பர் சொன்ன வாக்கியத்தை வருடா வருடம் முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். உங்களைப் போலவே, அடுத்தவரைக் குறை சொல்ல மனம் வராமல் சொல்பவர்கள். அதே வாக்கியத்தை வேறு காரணத்துக்காகச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் வழக்கமாக மாட்டிக்கொண்ட பிறகுதான் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த முதலெழுத்துகள். 22 அட்டவணை. ஒவ்வொன்றாகப் போய், கீழே இருக்கும் இரண்டு எழுத்தைத் தேடி அழித்து, அடுத்ததற்குப் போக வேண்டும். எப்படியும் அரை மணி நேர வேலை. இதில் தவறே இல்லை என்று மனதார நினைக்கும் மனிதர் அந்த அரை மணி நேரத்தை ஏன் செலவழித்தார்? மேலாளருக்குத் தெரிந்தால் வம்பு என்ற பயம்தான், மனச்சாட்சி ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனாலும் இன்னொருவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அவரவர் மனசு" என்ற சித்தாந்தம் அழிக்கும்போது அவர் தலையில் இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் வந்திருக்கிறது.

சரி, நண்பரை ஓரமாக வைப்போம். கேள்வியை நீங்கள் நிஜமாகவே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். புறவயம் (நம் கருத்தைச் சாராத உண்மை), அகவயம் (அவரவர் பார்வை) என்று சொல்கிறோமே, அதற்குள் வேறு வேறு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

மனிதர்கள் அறத்தில் வேறுபடுகிறார்களா என்பது ஒன்று. வேறுபடுகிறார்கள், அதில் விவாதமே இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி ஒரு கதை சொல்லியிருக்கிறார். பாரசீக மன்னர் டாரியஸ் தன் அவையில் இருந்த கிரேக்கர்களை அழைத்து, "எவ்வளவு பணம் கொடுத்தால் இறந்துபோன உங்கள் தகப்பனாரைத் தின்பீர்கள்?" என்று கேட்டாராம். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றார்கள். பிறகு, இறந்த பெற்றோரை உண்ணும் வழக்கமுள்ள வேறொரு கூட்டத்தாரை அதே கிரேக்கர்கள் முன்னால் நிறுத்தி, "எவ்வளவு கொடுத்தால் எரிப்பீர்கள்?" என்று கேட்டார். அவர்கள் அலறிவிட்டார்கள், அப்படிப் பேச்சுக்குக்கூடச் சொல்லாதீர்கள் என்றார்கள். வழக்கம்தான் எல்லோருக்கும் அரசன் என்று கவிஞர் பிண்டார் சொன்னது சரிதான் என்று ஹெரோடோட்டஸ் முடிக்கிறார்.

வகுப்பில் இதைச் சொன்னதும், "பார்த்தீர்களா, எல்லாம் வழக்கம்தான்" என்பார்கள். நான் இன்னொரு முறை படிக்கச் சொல்வேன். இரண்டு கூட்டமும் எதற்காக அலறியது? தகப்பனார் உடலை அவமதிக்கச் சொல்கிறாரே என்று. அவமதிப்பு எது என்பதில்தான் சண்டை. அவமதிக்கக் கூடாது என்பதில் இரண்டு பேரும் ஒரே பக்கம். எல்லா வேறுபாடும் இப்படிக் கரைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சில மனிதர்கள் பிறவியிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதியதற்கும் நாம் இன்று நினைப்பதற்கும் இடையில் எந்தச் சமரசமும் கிடையாது. ஆனால் இரண்டு பேர் கருத்து வேறுபட்டதாலேயே அந்த விஷயத்தில் உண்மை என்று ஒன்று இல்லாமல் போய்விடாது. பூமி சுற்றுகிறதா, சூரியன் சுற்றுகிறதா என்றும் மனிதர்கள் வெகுகாலம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, சூழ்நிலையைப் பொறுத்து விடை மாறுமா என்பது. பொதுவான உண்மை என்றாலே கல்லில் செதுக்கிய, விலக்கே இல்லாத விதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட். நம் வள்ளுவரோ, வாய்மை என்ற அதிகாரத்துக்குள்ளேயே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்றார். ஒருவர் விலக்கே கூடாது என்கிறார், இன்னொருவர் உண்டு என்கிறார். ஆனால் வள்ளுவர் "உனக்குப் பிடித்தால் பொய் சொல்" என்றா சொன்னார்? நன்மை பயக்க வேண்டும், அதுவும் குற்றமற்ற நன்மையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். ஒரே மருந்து ஒருவருக்கு ஆகும், இன்னொருவருக்கு ஆகாது. அதனால் மருத்துவம் அவரவர் பார்வை ஆகிவிடுவதில்லை.

இவற்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அசல் கேள்வி. ஒரு செயல் தவறாக இருப்பதால் அதைத் தவறு என்கிறோமா, தவறு என்று நாம் சொல்வதால் அது தவறாகிறதா? சாக்ரடீஸ் இதைக் கடவுளரை வைத்துக் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார்: நல்லது என்பதால் கடவுளர் அதை விரும்புகிறார்களா, கடவுளர் விரும்புவதால் அது நல்லதாகிறதா? கடவுள் இருக்கும் இடத்தில் சமூகம், சட்டம், என் மனசு என்று எதை வைத்தாலும் கேள்வி அப்படியே நிற்கும்.

என் பேத்திக்கு நாலரை வயது. ஒருநாள் செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், "உங்க மிஸ் சரின்னு சொன்னா, ராத்திரி போட்டுக்கிற டிரஸ்ஸோட ஸ்கூலுக்குப் போகலாமா?" என்று கேட்டேன். கண் விரிந்தது. "போகலாமே!" என்றாள். "மிஸ் சரின்னு சொன்னா, பக்கத்துல இருக்கிற பையனைக் கிள்ளலாமா?" செருப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "கூடாது. அவனுக்கு வலிக்கும்ல?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிஸ் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கேள்வி என்னுடையது இல்லை. எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1970களிலிருந்து குழந்தைகளிடம் இப்படிக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். பெரியவர் அனுமதித்தால் மாறிவிடும் விதி, யார் அனுமதித்தாலும் மாறாத விதி என்று இரண்டாகப் பிரிக்கச் சின்னப் பிள்ளைகளுக்கே தெரிகிறது என்பது அவர்கள் கண்டது. அந்தக் கோடு எல்லாச் சமூகத்திலும் ஒரே இடத்தில் விழவில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இதனால் அறம் புறவயமானது என்று நிரூபணம் ஆகிவிடாது. நாம் அதை எப்படிக் கையாளுகிறோம் என்பதுதான் தெரிகிறது. ஆனால் பேத்தி காட்டிய காரணத்தைக் கவனியுங்கள். மிஸ்ஸின் அனுமதியும் அவளுடைய விருப்பமும் அதில் வரவே இல்லை. வலிப்பது அந்தப் பையனுக்கு.

அறம் அகவயமானது என்பவர்களின் தரப்பும் லேசுப்பட்டது இல்லை. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1739-40இல் வெளியிட்ட நூலில், வேண்டுமென்றே செய்த கொலை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நோக்கம், உணர்ச்சி, செயல் எல்லாம் கண்ணில் படும். "தீமை" என்ற ஒன்று மட்டும் அங்கே அகப்படாது. உங்கள் நெஞ்சுக்குள் திரும்பிப் பார்த்தால், அங்கே எழும் வெறுப்பில்தான் அது இருக்கிறது என்றார். 1977இல் ஜே.எல். மேக்கி என்ற தத்துவ அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். புறவய மதிப்புகள் என்று எதுவுமே இல்லை என்றுதான் தன் புத்தகத்தைத் தொடங்கினார். அப்படி ஒன்று இருந்தால் உலகத்தில் வேறு எந்தப் பொருளைப் போலவும் இல்லாத விசித்திரப் பொருளாக அல்லவா இருக்க வேண்டும்? கல் சும்மா கிடக்கிறது; "நல்லது" என்பதோ கிடக்கும்போதே "என்னைச் செய்" என்று நமக்குக் கட்டளையும் இடுகிறதாம். அதை எந்தப் புலனால் அறிகிறோம்? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் மேக்கி அடுத்து என்ன செய்தார் என்று உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தோடு மூட்டை கட்டிவிடவில்லை. மீதிப் புத்தகத்தின் பெரும்பகுதியை, நாம் எப்படி வாழ வேண்டும், என்ன விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கே செலவழித்தார். அறம் மனிதன் உண்டாக்கியது என்றால் அதை ஒழுங்காக உண்டாக்கும் பொறுப்பும் மனிதனுடையதுதானே? ஹியூமும் கொலையை வெறுப்பது அபத்தம் என்று சொல்லவில்லை. "அறம் அகவயமானது, ஆகவே நான் எடுத்துக்கொண்டது சரி" என்ற இடத்துக்கு இந்த இருவரில் யாரும் உங்கள் நண்பரைக் கொண்டுபோய் விடமாட்டார்கள். அந்த "ஆகவே" அவருடைய சொந்தத் தயாரிப்பு.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். 2020இல், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் தத்துவ அறிஞர்களிடம் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடந்தது. அறத்துக்கு நம் கருத்தைச் சாராத உண்மை உண்டு என்ற பக்கம் சாய்ந்தவர்கள் சுமார் 62 சதவீதம். இல்லை என்றவர்கள் சுமார் 26. கை தூக்கி எண்ணித் தீர்க்கும் விஷயம் இல்லை இது. இருந்தாலும், "படித்தவர்கள் எல்லாரும் அகவயம் என்று எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள்" என்று யாராவது உங்களை மிரட்டினால் இந்த எண் உதவும்.

எனக்கு அறம் உடல்நலம் மாதிரித் தோன்றுகிறது. உடம்பே இல்லாத உலகத்தில் உடல்நலம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்த அளவில் அது நம்மைச் சார்ந்ததுதான். ஆனால் நஞ்சு உடம்புக்கு ஆகாது என்பது என் கருத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. அதுபோல, வலியும் நம்பிக்கையும் ஏமாற்றமும் உள்ள உயிர்கள் இல்லாவிட்டால் அறத்துக்கும் வேலை இல்லை. இருந்துவிட்டால், எது அவர்களைச் சிதைக்கிறது என்பது என் இஷ்டப்படி மாறாது. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். "அவன் சிதைந்தால் எனக்கென்ன?" என்று ஒருவன் கேட்டால், அவனை இழுத்து நிறுத்தும் கயிறு என் ஒப்புமையில் இல்லை. தன் உடம்பைப் பற்றி அக்கறை எல்லோருக்கும் இயல்பாக இருக்கிறது. அடுத்தவரைப் பற்றிய அக்கறையை அப்படிச் சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாக அந்த இடத்தில் தட்டித் தட்டித்தான் போகிறேன்.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு அடிமைமுறையும் ஒரு காரணம். பிரேசில் 1888இல்தான் அதை ஒழித்தது, மௌரித்தானியா 1981இல். அறம் முழுக்க முழுக்கப் பார்வைதான் என்றால், இதை மாற்றம் என்று சொல்லலாமே தவிர முன்னேற்றம் என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. 1887இல் விற்கப்பட்ட ஒருவரிடம் போய், "உனக்கு நடந்தது அந்தக் காலத்துப் பார்வைப்படி சரி" என்று சொல்ல என்னால் முடியாது. வெறும் உணர்ச்சி என்பீர்களோ என்னவோ. அந்த ஆளே "இது அநியாயம்" என்று சொல்லியிருப்பாரே, அந்தப் பார்வையை யார் கணக்கில் எடுத்தார்கள்? "அந்தச் சமூகத்தின் பார்வை" என்கிறோமே, அது எப்போதும் சவுக்கு வைத்திருந்தவரின் பார்வையாகத்தான் இருந்திருக்கிறது.

இனி, கல்லூரியில் நீங்கள் பேசியது. அதை நினைத்து வெட்கப்பட வேண்டாம். பெரிய அமைப்புகளே அந்தச் சிக்கலில் மாட்டியிருக்கின்றன. ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 1947இல் அமெரிக்க மானுடவியல் சங்கம் ஓர் அறிக்கை அனுப்பியது. மதிப்புகள் அந்தந்தப் பண்பாட்டைச் சார்ந்தவை. ஒரு பண்பாட்டின் அளவுகோலை உலகம் முழுவதற்கும் எப்படி வைக்க முடியும் என்று கேட்டது. காலனி ஆட்சி கோலோச்சிய காலம் அது. "நாகரிகப்படுத்துகிறோம்" என்று சொல்லிக்கொண்டு செய்த அட்டூழியங்களைப் பார்த்தவர்களின் எச்சரிக்கை. நியாயமானதுதான். பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரிக்க, எதிர்ப்பே இல்லாமல், 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்க, நிறைவேறியது. அதே சங்கம் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்துத் தானே ஒரு பிரகடனம் வெளியிட்டது.

அவர்கள் மாட்டிய முடிச்சுதான் உங்களுடையதும். "எல்லாம் அவரவர் பார்வை, ஆகவே யாரையும் குறை சொல்லக் கூடாது" என்கிறோம். அந்தக் "கூடாது" எங்கிருந்து வந்தது? அதுவும் பார்வைதான் என்றால், குறை சொல்பவரைத் தடுக்க அதற்கு வலுவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் என்றால், எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அறவிதியை நாமே ஒத்துக்கொண்டுவிட்டோம். பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1972இலேயே இந்த ஓட்டையை விரல் வைத்துக் காட்டினார். நீங்கள் விரும்பியது பணிவு என்றால், "நான் நினைப்பது தப்பாக இருக்கலாம்" என்பதுதான் பணிவு. தப்பாக இருக்க வேண்டுமென்றால் சரி என்று ஒன்று இருந்தாக வேண்டும். எல்லாம் பார்வைதான் என்பவனால் தன் தவறைத் திருத்திக்கொள்ளவே முடியாது. பார்வையை மாற்றிக்கொள்ள மட்டும்தான் முடியும்.

அப்புறம், நண்பரிடம் என்ன பேசுவது? இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஹியூமையும் மேக்கியையும் வைத்து அவர் இன்னொரு மணி நேரம் ஓட்டிவிடுவார். அவர் சொன்னதையே ஒப்புக்கொண்டு ஆரம்பியுங்கள்: "சரி, அவரவர் மனசைப் பொறுத்ததாகவே இருக்கட்டும். உன் மனசில் இது சரியா? உன் வேலையை நான் இப்படி எடுத்துக்கொண்டால் உனக்குச் சரிப்படுமா?" ஆமாம் என்றால், முதலெழுத்துகளை எதற்காக எடுத்தாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நீங்கள் பேசாமல் இருங்கள். இடைவெளியை நிரப்ப நீங்களே ஏதாவது சமாதானம் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை. கடிதத்தைப் படித்தால் அப்படிப்பட்ட ஆள்போலத் தெரிகிறது.

கல்லூரியில் பேசியதைச் சொல்லி மடக்கினால், "ஆமாம், சொன்னேன். அதில் பாதி இப்போது எனக்கே தப்பாகப் படுகிறது" என்று சொல்லிவிடுங்கள். பழைய வாதத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

அவர் தானே போய் மேலாளரிடம் சொல்ல இரண்டு நாள் கொடுங்கள். இத்தனை வருட நட்புக்கு அது தகும். சொல்லவில்லை என்றால், தேதியோடு இருக்கும் வரைவுகளை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். போவதற்கு முன், போகப்போகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் மறைத்துச் செய்ததை நீங்களும் மறைத்துச் செய்ய வேண்டாம். மேலாளர் முன்னால் துரோகம், நட்பு, அறம் என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த அட்டவணை எந்தத் தேதியில் எப்படி உருவானது என்பதை மட்டும் காட்டுங்கள். மூன்று மாத வேலை அது. காட்டுவதற்கு நிறைய இருக்கும்.